பதினொரு மணிப் பருந்துகள்

போன ஆடி மாதம் வடக்கே ஓர் ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது ஐந்து மணி நேரம் விமான நிலையத்தில் காத்துக் கிடந்தேன். நாங்கள் ஏற வேண்டிய விமானம் கண்ணெதிரே வந்து நின்றுவிட்டது. ஆனால் எங்களைக் கூப்பிடவில்லை. முதலில் தொழில்நுட்பக் காரணம் என்றார்கள், அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை, கடைசியில் பக்கத்து இருக்கைக்காரர் யாருக்கோ போன் போட்டு விசாரித்துவிட்டு "பறவை அடிச்சிருக்காம் சார்" என்றார், ஏதோ மழை வருதாம் என்பதுபோல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொறியாளர் இடது எஞ்சினின் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி பிளேடுகளைக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தடவினார். பிறகு டிஷ்யூ பேப்பரால் எதையோ துடைத்து எடுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினார். குப்பையில் போடவில்லை, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அந்தக் கவர் எதற்கு என்ற கேள்விதான் இந்தப் பதிவு. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தவன் இரண்டு வாரம் அதிலேயே கிடந்தேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே எடையுள்ள ஒரு பருந்து, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதையை விட்டுக் கிளம்பும் விமானத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடியின் பலம், 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மூன்றாவது மாடியிலிருந்து தலையில் போடுவதற்குச் சமம். பள்ளிக்கூடத்தில் படித்த அரை எம் வி ஸ்கொயர்தான், பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகும். பறவை மென்மையானது, இரும்பு கெட்டியானது என்கிற நம் கணக்கு அந்த வேகத்தில் செல்லாது.

"அப்படியென்றால் எஞ்சினுக்கு முன்னால் ஒரு வலை போட்டுவிட வேண்டியதுதானே?" இதை என் மச்சான் கேட்டார், நானும் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்பீர்கள். அந்த அடியைத் தாங்கும் வலை என்றால் கம்பி தடியாக இருக்க வேண்டும். தடியாக இருந்தால் காற்று உள்ளே போவது குழம்பும், எஞ்சின் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மேகத்துக்குள் போனால் வலையின் மேல் பனிக்கட்டி படியும். ஒருநாள் வலையே பிய்ந்தால் பறவையோடு சேர்த்துக் கம்பியும் உள்ளே போகும். அதனால் எஞ்சினைத்தான் கெட்டியாகச் செய்கிறார்கள். அழுத்தக் காற்றுப் பீரங்கியில் செத்த கோழியை வைத்து ஓடும் எஞ்சினுக்குள் சுட்டுச் சோதிப்பார்கள், கேலியில்லை, உண்மையாகவே அதற்குக் கோழித் துப்பாக்கி என்றுதான் பெயர். எஞ்சினின் அளவைப் பொறுத்து இந்தச் சோதனைப் பறவையின் எடை மாறும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய அந்த ஏர்பஸ் 320-இன் எஞ்சின்கள் 1.8 கிலோ பறவை ஒன்றை விழுங்கினாலும் ஆபத்தில்லாமல் அடங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டவை. உள்ளே போனது கனடா வாத்துகள். ஒவ்வொன்றும் மூன்றரை, நான்கு கிலோ. அதுவும் இரண்டு எஞ்சினிலும், இரண்டும் சக்தி இழந்தன. விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள் என்பதால் அந்தக் கதை எல்லோருக்கும் பிடித்த கதையாகிவிட்டது.

பிழைக்காத கதைகள் நிறைய உண்டு, அவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1960 அக்டோபர் 4, பாஸ்டன் லோகன் விமான நிலையம். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் லாக்ஹீட் எலெக்ட்ரா, நான்கு எஞ்சின் விமானம், கிளம்பிய சில விநாடிகளில் ஒரு பறவைக் கூட்டத்துக்குள் புகுந்தது. மூன்று எஞ்சின்கள் பறவைகளை விழுங்கின. விமானம் ஓடுபாதையைத் தாண்டியிருந்த கடலில் விழுந்தது, 72 பேரில் 62 பேர் போய்விட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் பறவை ஸ்டார்லிங், நம் மைனாவின் உறவு, ஒன்று 80 கிராம் இருக்கும். கூட்டம்தான் கொன்றது. இன்னொரு வேடிக்கை, ஸ்டார்லிங் அமெரிக்கப் பறவையே கிடையாது. 1890-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஆசைக்கு அறுபது பறவையைக் கொண்டுவந்து திறந்துவிட்டார்கள், அவை பெருகி நாட்டையே நிறைத்தன.

அது ஸ்டார்லிங்தான் என்று எப்படித் தெரிந்தது? இங்கேதான் பிளாஸ்டிக் கவர் வருகிறது.

எஞ்சினில் எஞ்சிய துண்டுகளை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி இருந்தார். பறவைகளைப் பாடம் செய்வதுதான் அவருடைய வேலை. பிய்ந்த இறகுத் துணுக்கை அருங்காட்சியகத்தின் பெட்டிகளில் அடுக்கியிருந்த பறவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார். அதிலிருந்து ஒரு துறையே பிறந்துவிட்டது. இன்றைக்கும் அங்கே இறகு அடையாள ஆய்வகம் இயங்குகிறது, வருடத்துக்குப் பல ஆயிரம் கவர்கள் தபாலில் வருகின்றன. உள்ளே இருப்பது பல சமயம் இறகுகூட இல்லை, காய்ந்த ரத்தமும் கொழுப்பும் தோய்ந்த டிஷ்யூ பேப்பர். அந்தக் கூழுக்கு அவர்கள் ஸ்னார்ஜ் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், கேட்டாலே வழவழவென்று இருக்கிறது இல்லையா? இறகுத் துணுக்கு கிடைத்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றடித்து உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். இறகின் அடியில் பஞ்சுபோல இருக்கும் பகுதியில் மயிரிழையைவிட மெல்லிய நூல்கள் இருக்கும், அந்த நூலில் கணுக்கள் இருக்கும். கணுவின் வடிவம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. வாத்துக்கு முக்கோணம், புறாவுக்கு விரிந்த பூ மாதிரி. ஒன்றும் கிடைக்காவிட்டால் டிஎன்ஏ. அந்த ஆய்வகத்தைப் பல வருடம் நடத்தியவர் பெயர் கார்லா டவ். டவ் என்றால் புறா! பெயர்ப் பொருத்தத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்.

அவர்களுடைய கதைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. 1,500 அடி உயரத்தில் மோதிய ஒரு பறவையின் மிச்சம் வந்தது. டிஎன்ஏ முடிவைப் பார்த்தால் மான்! மான் எப்படி 1,500 அடி உயரத்தில் பறக்கும்? மறுபடி மாதிரியைத் துழாவியதில் நுண்ணிய இறகுத் துணுக்கு ஒன்று அகப்பட்டது, கருங்கழுகினத்தைச் சேர்ந்தது. எங்கோ செத்துக் கிடந்த மானைத் தின்றுவிட்டு மேலே ஏறியிருக்கிறது. டிஎன்ஏ சொன்னது பறவையின் வயிற்றில் இருந்ததை.

இதைப் படித்த பிறகுதான் இந்த விஷயமே எனக்குப் பிடிபட்டது. மோதிய பறவை எது என்று தெரிந்தால் அது எதைத் தின்ன வந்தது என்று தெரியும், எதைத் தின்ன வந்தது என்று தெரிந்தால் விரட்டுவதா, புல்லை வெட்டுவதா, குப்பையை அள்ளுவதா என்று தெரியும். அது தெரியாமல் செய்கிற எல்லாமே திருவிழாப் பட்டாசு மாதிரிதான். ஹட்சன் ஆற்றுக் கதைக்கே வாருங்கள். அந்த வருடக் கோடையில் நியூயார்க் விமான நிலையங்களைச் சுற்றியிருந்த பூங்காக்களில் வாத்துகளை வளைத்துப் பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றார்கள். ஆனால் எஞ்சினில் கிடைத்த இறகில் இருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்பை ஆராய்ந்தவர்கள் வேறு சேதி சொன்னார்கள். இறகு முளைக்கும்போது அந்த வாத்து குடித்த தண்ணீரின் அடையாளம் இறகில் தங்கிவிடுமாம், அந்த அடையாளம் கனடாவின் லாப்ரடார் பக்கத்தைக் காட்டியது. வலசை வந்த வாத்துகள். பூங்காவில் பிடிபட்டவை உள்ளூர்க்காரர்கள். உள்ளூர் வாத்தாலும் ஆபத்து உண்டுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அடித்தது ஒருவன், அகப்பட்டது இன்னொருவன்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். நான் இருப்பது சென்னை விமான நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் விமானத்தின் வயிறு தெரியும். எங்கள் தெருமுனையில் ஒரு கோழிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே வரிசை நிற்கும், பத்தரைக்கு மேல் கூட்டம் அடங்கும், பதினொரு மணிக்குக் கடைப் பையன் குடலும் தோலும் நிறைந்த நீல டிரம்மைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு வருவான். அவன் வருவதற்கு முன்பே அவை வந்துவிடும். கள்ளப்பருந்துகள். முதலில் இரண்டு, ரொம்ப உயரத்தில், சிறகே அசைக்காமல். அப்புறம் எங்கிருந்தென்று தெரியாது, இருபது முப்பது. வெயில் ஏறி நிலம் சூடாகி வெப்பக் காற்று மேலே கிளம்பும் நேரமும் அதுதான், பருந்துக்கு லிஃப்ட் மாதிரி. பையன் ஒரு துண்டைத் தூக்கி எறிவான், அது கீழே விழுவதற்குள் ஒன்று வந்து காலால் கவ்விக்கொண்டு, பறந்துகொண்டே குனிந்து தின்னும். இத்தனை வருடமாக நானும் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போய் இதைக் காட்டியிருக்கிறேன். அதே நேரத்தில், அதே உயரத்தில், சக்கரத்தை இறக்கியபடி விமானங்கள் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

1937-ஆம் வருடத்து இந்திய விமான விதிகளில் 91-ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை வெட்டவோ தோலுரிக்கவோ, பறவைகளை இழுக்கும் குப்பையைக் கொட்டவோ கூடாது என்பது அதன் சாரம். ஓட்டல், கறிக்கடை, மீன்கடைக் கழிவு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். பறவை வராதபடி சரியான ஏற்பாடு இருந்தால் அனுமதி தரலாம் என்று ஒரு வழியும் விட்டிருக்கிறார்கள். பெங்களூரு எலகங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் கறிக்கடைகளைச் சில நாள் மூடச் சொல்லி உத்தரவு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கண்காட்சி முடிந்தால் கடை திறந்துவிடும், பருந்தும் திரும்பிவிடும். எனக்கு அது உடன்பாடில்லை. 10 கிலோமீட்டர் வட்டம் என்றால் சென்னையில் எத்தனை லட்சம் பேர்! அத்தனை பேரையும் கறி தின்னாதே என்று சொல்லிவிட முடியுமா என்ன. மூட வேண்டியது டிரம்மின் வாயை. மூடி போட்ட டிரம், தினமும் வந்து அள்ளும் வண்டி, இவ்வளவுதான் கேட்பது. தோட்டா, லேசர், ரோபோ எல்லாவற்றையும்விட மலிவு, ஆனால் தினமும் செய்ய வேண்டும், தினமும் செய்கிற வேலைக்குத்தான் நம்மிடம் ஆள் கிடையாது.

மதில் சுவருக்கு உள்ளே இருக்கும் பறவைகள் வேறு ரகம். ஆள்காட்டிக் குருவிக்கு விமான நிலையத்தைப்போல ஒரு சொர்க்கம் கிடையாது. நாயில்லை, மாடில்லை, ஆள் நடமாட்டம் இல்லை, பரந்த வெட்டவெளி. சரளைக் கல்லுக்கு நடுவே முட்டை வைக்கும், முட்டையும் கல் மாதிரியே இருக்கும். புல்லை உயரமாக வளரவிட்டால் இது மாதிரிப் பறவைகளுக்குச் சுற்றுமுற்றும் தெரியாது, பயந்து வராது என்று பிரிட்டனில் 15, 20 சென்டிமீட்டர் வரை விட்டுவைக்கிறார்கள். உயரப் புல்லில் எலி பெருகும், எலி பெருகினால் ஆந்தை வரும், அது இன்னொரு தலைவலி. நியூசிலாந்தில் புல்லையே மாற்றினார்கள்: புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சையைத் தேர்ந்தெடுத்து ஒரு ரகம் உருவாக்கியிருக்கிறார்கள், அதைத் தின்ற பறவைக்கு வயிறு சரியில்லாமல் போகும், அடுத்த முறை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. பூச்சியும் அதில் குறைவு. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தைச் சுற்றியிருக்கும் விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டு, அறுவடை முடிந்த கையோடு சிந்திய தானியத்தை உழுது மண்ணுக்குள் தள்ளிவிடச் சொல்கிறார்கள், காட்டு வாத்து அதற்குத்தான் இறங்கும் என்பதால். பாருங்கள், எல்லாமே சாப்பாட்டு விஷயம்தான்.

நம் ஊரில் மழைக்காலத்தில்தான் பறவை மோதல் அதிகம் என்றால் அதற்கும் இதே பதில். முதல் மழை பெய்து நின்றதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். நாம் சின்ன வயதில் விளக்கை வைத்துப் பிடித்துப் பொரியோடு வறுத்துத் தின்ற அதே ஈசல்தான். ஓடுபாதையை ஒட்டிய மண்ணில் புற்றுக்குப் பஞ்சமா, ராத்திரியில் ஓடுபாதை விளக்கைவிடப் பெரிய விளக்கு வேறெங்கே. ஈசலுக்குப் பருந்து வரும், கரிச்சான் வரும், கொக்கு வரும், இருட்டினால் ஆந்தை வரும். போதாததற்குத் தண்ணீரைக் கண்டு மண்புழுக்கள் தார்ப் பரப்புக்கு ஏறிவிடும். என்னை ஐந்து மணி நேரம் உட்காரவைத்ததும் அப்படி ஒரு மழைக்கு மறுநாள்தான்.

விரட்டுவது என்று ஒரு தனிக்கலை இருக்கிறது. பட்டாசு, கேஸில் வெடிக்கும் பீரங்கி, அபாயக் குரலை ஒலிபரப்பும் ஸ்பீக்கர், பச்சை லேசர். எல்லாம் வேலை செய்யும், ஒரு வாரத்துக்கு. அதற்குள் பறவை கணக்குப் போட்டுவிடும், இந்தச் சத்தத்தால் யாரும் சாகவில்லை என்று. தீபாவளிக்குப் பழகிய நம் தெருக் காக்கை மாதிரி. பறவைக்கு உண்மையிலேயே பயம் குறையாதது தன்னை வேட்டையாடுபவற்றிடம்தான். அதனால் சில இடங்களில் பழக்கிய வல்லூறுகளைப் பறக்கவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1999-இல் தென்மேற்கு ஃப்ளோரிடா விமான நிலையம் ஒரு பார்டர் கோலி நாயை வேலைக்கு வைத்தது, ஆடு மேய்க்கும் இனம், கடிக்காது, ஆனால் பார்க்கிற பார்வையிலேயே பறவைக்கு ஓநாய் ஞாபகம் வந்துவிடும். மிச்சிகனில் பைப்பர் என்று ஒரு நாய் கண்ணாடியும் காதுக் கவசமும் மாட்டிக்கொண்டு ஓடுபாதையில் நிற்கும் படத்தைத் தேடிப் பாருங்கள், நாள் நன்றாக இருக்கும்.

விரட்டவே முடியாத இடங்களும் உண்டு. இஸ்ரேலின் மேல் வருடம் இருமுறை சுமார் 50 கோடிப் பறவைகள் வலசை போகின்றன. யோசி லெஷம் என்ற பறவையியலாளர் 1980-களில் மோட்டார் கிளைடரில் அந்தக் கூட்டங்களோடு கூடவே பறந்து, எந்த வாரம் எந்த வழியில் எந்த உயரத்தில் போகின்றன என்று வரைந்து விமானப்படையிடம் கொடுத்தார். அந்த நாள்களில் அந்த உயரத்தில் பறக்காதே என்பதுதான் தீர்வு. மோதல் பெருமளவு குறைந்தது. பறவைக்கு நேர அட்டவணை உண்டு என்று ஒப்புக்கொண்டு நம் அட்டவணையை நகர்த்தினால் போதும்.

இதற்கு நேர்மாறான கதை பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் அம்பாந்தோட்டைக்கு அருகே மத்தளையில் 2013 மார்ச்சில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். சுற்றிலும் காடு, ஒரு பக்கம் லுணுகம்வெஹெர தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் வலசைப் பறவைகளுக்குப் பேர்போன பூந்தல ஈரநிலம். திறந்த கொஞ்ச நாளிலேயே பறவை மோதல் செய்தி வந்துவிட்டது. மயில்கள், எருமைகள், மான்கள், போதாக்குறைக்கு யானைகள். 2016-இல் 300-க்கும் மேற்பட்ட ராணுவத்தினரையும் போலீசாரையும் இறக்கி, வெடி வெடித்து, கம்போடு நடந்து விலங்குகளை விரட்டினார்கள். படத்தில் பார்த்தால் கட்டடம் பளபளவென்று இருக்கிறது, பயணிகள்தான் இல்லை. இடம் பார்க்கிற அன்றைக்கே பறவைகளைப் பற்றித் தெரிந்த ஒருவர் கூடவே நடந்திருந்தால் சொல்லியிருப்பார். நாமும் ரொம்பச் சிரிக்க வேண்டாம், நம் சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டுத்தான் போகிறது, ஆற்றில் கொக்கும் நாரையும் நின்றுகொண்டிருக்கின்றன.

கோழிக்கடைக்கார அண்ணனிடம் போன வாரம் 91-ஆவது விதியைப் பற்றிச் சொன்னேன். கத்தியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "பத்து கிலோமீட்டரா? அப்போ நம்ம ஏரியாவுல யாரும் கடையே போடக்கூடாதே தம்பி" என்றார். மூடி போட்டால் போதும் என்றேன். மூடி இருந்ததாம், வெயிலில் விரிசல் விட்டுப் போய்விட்டதாம், புதுசு தனியாகக் கிடைக்காதாம், டிரம்மோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம், கழிவு எடுக்கிற வண்டியும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறதாம். சொல்லிக்கொண்டே அரைக் கிலோவை நிறுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

நேற்று ஞாயிறு. டிரம்மின் மேல் ஒரு ஃபிளெக்ஸ் பேனரை மடித்துப் போட்டு, நாலு பக்கமும் செங்கல் வைத்திருந்தார்கள், யாருடைய காதுகுத்து விழாவோ தெரியவில்லை. பதினொன்றே காலுக்கு மாடியிலிருந்து எண்ணினேன், ஒன்பது பருந்து. பையன் பேனரின் ஒரு முனையைத் தூக்கியதும் பதினேழு ஆனது.